நாலு கல்லுக்கு அடியில் கரிசல்

வெயிலுகந்தம்மாளுக்கு இடுப்பு நிமிரவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். நேற்று முழுக்க உளுந்தங்காட்டில் குனிந்து களை எடுத்த வலி. ஆனால் அவளை இருக்கவிடாமல் அடித்தது வலி இல்லை. மேற்கே நல்ல மழை, இன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இறங்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆற்றில் வந்தால் அணையிலிருந்து கண்மாய்க்குப் போகிற கால்வாயிலும் வரும். அந்தக் கால்வாயில் அவள் பங்கில் நாலு கல் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே கிடப்பது உப்புப் பூத்த உவர்க்காடு. கால்வாய்க் கரை ஒழுகி இறங்குகிற தண்ணீரெல்லாம் அந்த உவரைக் கரைத்துக்கொண்டு ஆற்றுக்குள் வடியும். ஆற்று மணலில் தோண்டுகிற ஊற்றுத்தான் ஊருக்குக் குடிதண்ணீர். வருஷத்துக்கு வருஷம் கடுத்து, கடைசியில் அதில் பருப்புக்கூட வேகவில்லை. ஒழுக்கை அடைத்தால் ஊற்று தேறும் என்று கால்வாயில் பாவுவதற்குச் சர்க்கார் சிமெண்டுக் கல் கொடுத்தது. அடியில் போடுகிற செஞ்சரளையும் ஆள் வேலையும் ஊர்ப் பொறுப்பு. கயிறு பிடித்து வீட்டுக்கு வீடு பங்கு பிரித்தார்கள்.

புருஷனுக்கு மணியாச்சியில் தண்டவாள வேலை. அதனால் பக்கத்துக் காட்டு அழகுத்தாய் மாற்றாளாக வந்தாள். மாற்றாளுக்குக் கூலி கிடையாது. ஆளுக்கு ஆள் போய்க் கழிக்க வேண்டும். போன மாசியில், வேலையின் கடைசி நாள், அழகுத்தாய் வரவில்லை, சரளையும் தீர்ந்துவிட்டது. மறுநாள் ஓவர்சியர் பார்க்க வருவதாக இருந்தது. வெயிலுகந்தம்மாள் கரைக்குப் பக்கத்திலேயே கரிசல் மண்ணை வெட்டிக் கொட்டி, தண்ணீர் தெளித்து மிதித்தாள். மெழுகிய தரை மாதிரி அமர்ந்தது. கரிசல் காய்ந்தால் வெடிக்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே கல் மூடிக் கிடக்கையில் வெயில் எங்கே படப்போகிறது என்று நினைத்தாள். அந்த நினைப்புத்தான் கெடுத்தது. சித்திரையில் கல்லுக்கு அடியிலேயே பிளந்தது. புரட்டாசி மழையில் உப்பிக் கல்லை முதுகில் தூக்கிக்கொண்டது.

கடப்பாரையும் கூடையும், சாக்கில் மிச்சமிருந்த சிமெண்டுமாகப் போனவளுக்கு எதிரே அழகுத்தாய் ஊற்றிலிருந்து குடத்தோடு ஏறி வந்தாள்.

“ஏட்டி வெயிலு, எங்கன புதையல் எடுக்கப் போற? கடுத்த தண்ணி சொமக்கறது இதோட சரி. கால்வா மட்டும் ஒழுகாம போகட்டும், தை மாசம் கோவில்பட்டிக் கடைக் காப்பி கணக்கா போட்டுத் தாரேன்.”

“மதினி, என் பங்குல கடைசி நாலு கல்லுக்கு அடியில சரளை இல்ல. கரிசல்தான் கெடக்கு.”

அழகுத்தாய் குடத்தை இறக்கி வைத்தாள்.

“சண்டாளி! கரிசக்காட்டுல பெறந்து கரிசக்காட்டுல வாக்கப்பட்டவ, கரிசலப் போயி நம்புனியாட்டி?”

“மேல கல்லு கெடக்கே, வெயிலு படாதுன்னு…”

“படாதாம்! பேரையே வெயிலுன்னு வச்சிக்கிட்டுப் பேசுத பேச்சப் பாரு. ஊத்து உவத்துப் போச்சின்னா ஊரு உன்ன மட்டுமா ஏசும்? அங்கன மண்ணு சொமந்தவ நானுந்தான். நட.”

“உன் காட்டுல களை கெடக்கே மதினி.”

“அது எங்க ஓடிரும்? நடங்குதேன்.”

அணையில் மடை பார்க்கிற பரமசிவன் கால்வாயின் மடைப்பலகைமேல் கை வைத்து நின்றார். ஆற்றில் செந்தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வந்தது.

“அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. நாலு கல்லு பிரிச்சுப் போடணும்.”

“என்கிட்ட ஏன் சொல்லுத? தண்ணிகிட்டச் சொல்லு. கண்மாய்க்குப் போக வேண்டியது கடலுக்குப் போகுது. ஊர்க்காரன் என் தோல உரிச்சிருவான்.”

“தப்பு என் பங்குல அண்ணாச்சி. இப்பத் தொறந்தா ஊத்துல உப்பு விழும்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“வெயில் சாயுற வரைக்கும். அதுக்கு மேல என் பொண்டாட்டி வந்து நின்னாலும் கேக்க மாட்டேன்.”

பங்குக்கு வந்து இருவரும் கல்லை நெம்பினார்கள். ஈரக் கரிசல் கடப்பாரையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. வழித்து வழித்து எறிந்தார்கள். குழி ஆனது, நிரப்பச் சரளை இல்லை. பக்கத்துக் காட்டில் அழகுத்தாய் களம் போட வண்டியில் அடித்து வைத்திருந்த சரளை குவியலாகக் கிடந்தது. அதைக் கேட்க வெயிலுகந்தம்மாளுக்கு வாய் வரவில்லை. அழகுத்தாயே கூடையை அங்கே வீசினாள்.

“பாத்துக்கிட்டே நின்னா நடந்து வருமாக்கும்? சொமட்டி.”

கூடைக்குக் கூடை இடுப்பில் தீப்பற்றியது. உட்கார்ந்தால் எழமாட்டோம் என்று அவள் உட்காரவே இல்லை. மூன்று கல் இறுக அமர்ந்தது. நாலாவதைப் போட்டு இடுக்கில் சிமெண்டு பூசுவதற்குள் மேலே பரமசிவன் சத்தம் கொடுத்தார். ஏறுவதற்குள் தண்ணீர் காலைத் தட்டியது.

வெயிலுகந்தம்மாள் கரை தாண்டி உவர்க்காட்டுக்குள் ஓடினாள். மூன்று கல்லுக்கு நேரே மண் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. நாலாவதற்கு நேரே மட்டும் உள்ளங்கை அகலம் கறுத்து வந்தது. திரும்ப ஓடி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சிமெண்டுச் சாக்கைச் சுருட்டி இடுக்கில் திணித்துக் காலால் மிதித்தாள். ஈரம் பரவுவது மட்டுப்பட்டது. முழுக்க நிற்கவில்லை.

“தண்ணி வடியவும் பூசணும். இப்ப ஏறு,” என்றாள் அழகுத்தாய்.

அவள் ஏறவில்லை. மிதித்த கால் அங்கேயே இருந்தது. கரைக்கு அந்தப்பக்கம் அழகுத்தாயின் களம் போட வைத்த இடம் வெறுமனே கிடந்தது. காட்டில் களை அப்படியே நின்றது. இன்றைய கணக்கில் அழகுத்தாய்க்கு அவள் தரவேண்டியது ஒரு வண்டிச் சரளையும் ஒரு நாள் ஆளும்.