தகரம் ஏற்றிய படகு

"பாதியை இறக்கிட்டா அண்ணனுக்கு இடம் ஆயிடும்," என்றபடி படகுக்காரர் கூரைத் தகரங்களைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

மகள் துறையில் நின்று பார்த்தாள். காலையில் அந்தக் கயிற்றைக் கட்டியவர் அப்பாதான். கட்டி முடித்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். மத்தியானம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது; இப்போது அவர் உடல் தீவுக்குத் திரும்பத் துறையில் காத்துக் கிடந்தது.

காட்டுத்தீ தீவை வழித்துத் தின்றதிலிருந்து, எரிந்த வீடுகளுக்கெல்லாம் அவர்தான் கூரை போட்டார். தம் வீட்டைக் கடைசியில் வைத்திருந்தார். கேட்டால், கூடாரத்தில் காற்று பிரமாதமாக வருகிறது என்பார். இந்தத் தகரம் பக்கத்துக் கூடாரத்தில் கைக்குழந்தையோடு இருப்பவளின் வீட்டுக்கு. வானம் கறுத்திருந்தது. இன்று இறக்கிவிட்டால், மழைக்காலம் முடிந்து படகு மறுபடி ஓடும்போதுதான் போய்ச் சேரும்.

மகள் வாய் திறக்குமுன் அம்மா படகில் ஏறிவிட்டாள்.

"எதையும் இறக்காதீங்க தம்பி. அவரை மேலயே படுக்க வைங்க."

"தகரத்து மேலயா? ஊர்ல என்ன பேசுவாங்க அண்ணி?"

"பேசறவங்க கூரைக்குக் கீழ உக்காந்து பேசட்டும். மெத்தைல படுத்தா அந்த மனுசனுக்கு முதுகு வலிக்கும்."

படகுக்காரர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிடத்தியதும் படகு ஒருபக்கம் சாய்ந்தது. அம்மா எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். பாரத்துக்குப் பாரம் என்று கேலி பேசி, ஒவ்வொரு நடையும் அவர் அவளை உட்காரவைக்கும் இடம் அது. படகு நேரானது.

தீவில் முதலில் அவரை இறக்கினார்கள், பிறகு தகரத்தை. கூடாரங்களுக்குள் தரை ஈரம். எங்கே கிடத்துவது என்று யோசிப்பதற்குள் குழந்தைக்காரி தன் வீட்டைக் காட்டினாள். சுவரும் சட்டமும் தயாராக நின்றன. அவரை உள்ளே கிடத்திவிட்டு, அவரோடு வேலை பார்த்தவர்கள் மேலே ஏறினார்கள். ஆணி எடுத்துக் கொடுப்பதிலேயே எல்லோர் கையும் மும்முரமாக இருந்தது. அழ யாருக்கும் ஒழியவில்லை. ஓரத்துத் தகரம் இன்னும் கொஞ்சம் மேலேறி உட்காரவேண்டும் என்று அம்மா கீழேயிருந்து இரண்டு தரம் சொன்னாள். அது அப்பா சொல்வது.

கடைசித் தகரம் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது.

கூடாரத்துப் பழக்கத்தில் குழந்தைக்காரி ஓடிப்போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து அறை நடுவில் வைத்தாள். அம்மா அண்ணாந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். பிறகு குனிந்து வாளிக்குள் பார்த்தாள்.

அதைக் கவிழ்த்துப் போட்டு, அவர் பக்கத்தில் அதன்மேல் உட்கார்ந்தாள்.