சரிவில் தலை எந்தப் பக்கம்

1

இந்தக் கதை எனக்குப் படுத்த படுக்கையில் கிடைத்தது. அமிர்திக்கு மேலே ஒரு சரிவில் மலை மீட்புத் தன்னார்வலர்களுக்குத் தேர்வு. அடிபட்டவராக நடிக்க ஆள் வேண்டுமாம். எழுதுகிறவன், சும்மாதானே இருப்பான் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தலையில் அடி, நினைவில்லை. இதுதான் என் வேடம். ஸ்ட்ரெச்சரில் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார்கள்.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'ஜவ்வாது மலையில் பனி உறங்கிய அந்தக் காலையில், வீரமங்கை கன்னியம்மாள்...'

வேண்டாம். அன்று பனி இல்லை, சுள்ளென்று வெயில். கன்னியம்மாள் நாற்பது வயதுக்காரி, மேலே ஒரு கிராமத்தில் சாமை விதைக்கிறவள். உடன் தூக்கும் மூன்று தன்னார்வலர்களுக்குச் சொல்லிக்கொடுத்து என்னைக் கீழே இறக்குவது அவளுக்கான தேர்வு. தேறினால் பட்டியலில் பெயர் ஏறும். மலையில் யார் விழுந்தாலும் அவளுக்கு போன் வரும். தவறினால் அடுத்த வருடம்தான்.

3

முடிச்சுகளில் ஒரு குறை இல்லை. ஆனால் தூக்குவதற்கு முன் ஸ்ட்ரெச்சரைத் திருப்பி, என் தலையைப் பள்ளத்துப் பக்கம் வைத்துவிட்டாள். நாலடி இறங்குவதற்குள் எனக்குக் கண் பிதுங்கியது. விசில் சத்தம் கேட்டது. தேர்வாளர் அப்துல் கய்யூம். வாணியம்பாடியில் தோல் வியாபாரம், ஞாயிறானால் மலை.

"இன்னாம்மா இது? எறங்கும்போது கால்தான முன்னால போவணும்? தல கீழ போனா ரத்தமெல்லாம் அடிபட்ட தலைக்கில்ல போவும்? வகுப்புல தலையாட்டினீங்களே!"

"எங்கூர்ல பொணந்தான் சார் கால் முன்னால போவும்."

"இவரு நெசமா அடிபட்டவரே இல்லீங்க. சும்மா படுத்துனு இருக்காரு."

"அதான் சார். உசுரோட இருக்காரே."

(முதல் வரைவில் கய்யூமைக் கறாரான ஆளாக்கியிருந்தேன். அது பொய். அவர் கெஞ்சினார். "இன்னொரு தடவ தூக்குங்கம்மா, மார்க் போட்டுர்றேன்" என்றார்.)

4

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் புளி உலுக்க ஏறிய அவள் கணவன் முனியன் மரத்திலிருந்து விழுந்தான். தலையில் அடி. டோலி கட்டியது கன்னியம்மாள்தான். ஊர் வழக்கப்படி தலையை முன்னால் வைத்துத் தூக்கிப்போனார்கள். தார் ரோட்டுக்கு வந்தபோது மூச்சில்லை.

இதை அழகாக எழுதிப் பார்த்தேன். அழுகை வந்ததுதான் மிச்சம்.

5

முடிவு ஒன்று: அவள் ஸ்ட்ரெச்சரைத் திருப்புகிறாள், தேறுகிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

முடிவு இரண்டு: "எனக்கு இது வராது சார்" என்று கயிற்றைப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடக்கிறாள்.

இரண்டுமே பரவாயில்லாமல் வந்திருக்கின்றன. இரண்டிலும், என் வசதிக்காக, அவள் கேட்ட கேள்வியை விட்டுவிட்டேன். ஸ்ட்ரெச்சரைத் திருப்பக் கை வைத்தவள், குனிந்தபடியே கேட்டாள்:

"சார், அன்னிக்கி கால் முன்னால தூக்கினு போயிருந்தா அவரு பொழச்சிருப்பாரா?"

கய்யூமின் பதிலை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். 'ஆமா' என்றால் அவள் இனி யாரையும் தூக்கமாட்டாள். 'இல்ல' என்றால் எதற்கு இந்தப் பாடமெல்லாம்? 'தெரியாது' என்பதுதான் உண்மையாக இருக்கும். அதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது எனக்குச் சுலபம்.

அவள் இன்னும் கையை எடுக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.