அசலில் இல்லாத வரி

காலையில் எழுந்ததும் பால்கனிக் கதவைத் திறப்பேன். மேனேஜர் வெளியே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே வரும். காபிக்குத் தண்ணீர் வைப்பேன். டப்பாவைத் திறந்து அதன் கிண்ணத்தில் இரண்டு கரண்டி போடுவேன். அது சாப்பிடும். நான் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவேன். அப்போது அது காலிக் கிண்ணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, பிறந்ததிலிருந்து ஒரு பருக்கையைக்கூடக் கண்ணால் பார்க்காத முகத்தோடு என்னைப் பார்க்கும். நான் போட மாட்டேன். அது பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவேன்.

அன்று அது இரண்டாவது தடவை கேட்கவில்லை. முதலில் போட்டதிலேயே பாதி கிண்ணத்தில் கிடந்தது. லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

மேனேஜர் என்பது என் மனைவி வைத்த பெயர். "எந்த வேலையும் பாக்காது. மத்தவங்க வேலை பாக்குறாங்களான்னு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். வேற என்ன பேரு வைக்கிறது?" என்பாள். பெயர் வைத்தபின் அவர், இவர் என்றுதான் பேசுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளோடு இருந்த நாய். அவள் இறந்துபோன பிறகு நானும் அதுவும் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தோம். சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நடுவயதுக்காரர். சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"குடல் இருக்க வேண்டிய இடம் இது. இருக்கிற இடம் இது. எங்கயாவது அடிபட்டுச்சா?"

"போன மாசம் ஒரு ஸ்கூட்டர் தட்டுச்சு. உடனே எந்திரிச்சு நடந்துச்சு."

"நடக்கும். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. அது கிழிஞ்சிருக்கு. குடல் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி நுரையீரல நெருக்குது. இங்க பண்ண முடியாது. மூச்சுக்கு மெஷின் வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

தொகையைச் சொன்னார். என் மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை. எனக்கு அதற்கு மேல் கடன் கொடுக்க யாரும் இல்லை.

"ஆபரேஷன் வேணாம்னா?"

"மூச்சு ரொம்பத் திணறுறப்ப கூட்டிட்டு வாங்க. வலியில்லாம தூங்க வச்சிரலாம்." பிறகு, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க. அங்க இடம் சொல்லி வைக்கணும்" என்றார்.

சாயங்காலம் மச்சினி வந்தாள். என் மனைவியின் தங்கை. செல்போன் கடையில் வேலை. உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் போனுக்குள் ஒரு வழி இருக்கிறது என்று நம்புகிறவள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, நெட்ல காசு கேப்போம். ஒருத்தன் கிட்டார் வாங்கக் கேட்டிருக்கான். கெடச்சிருக்கு. மேனேஜர் என்ன கிட்டார விட மட்டமா?"

"பக்கத்துலயே இதய ஆபரேஷனுக்குக் குழந்தைங்க படம் இருக்கும்."

"இருக்கட்டும். குடுக்கிறவன் அதுக்கும் குடுப்பான், இதுக்கும் குடுப்பான். அவனுக்கு இல்லாத கவலை உங்களுக்கு எதுக்கு?"

"நாய்க்குக் கையேந்துறான்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க."

"சொல்லட்டும். சொல்றவங்ககிட்டதான் மொதல்ல லிங்க் அனுப்பப் போறேன்."

அவள் போனை நீட்டினாள். திரையில் என் மனைவி. மடியில் மேனேஜர். இருவரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் படம்தான்."

"அவ படம் வேணாம்."

"வெறும் நாய் படம் போட்டா நாய்ங்கதான் பாக்கும், மாமா."

செருப்பு விளம்பரத்துக்கும் சமையல் வீடியோவுக்கும் நடுவில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் அவள் முகத்தை மேலே தள்ளிவிட்டுப் போகும். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "யோசிக்கிறேன்" என்றேன்.

"யோசிங்க. நான் எழுதி அனுப்புறேன். புடிக்கலன்னா அழிச்சிடுங்க."

நான் மருந்து லேபிள்கள் அச்சடிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். பிழை பார்ப்பது என் வேலை. இதில் ஒரு முறை உண்டு. எப்போதும் இரண்டு பேர். ஒருவர் அசலைச் சத்தமாகப் படிப்பார். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்ல வேண்டும். மற்றவர் அச்சான தாளில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவார். தாளில் கூடுதலாக ஒரு சொல் இருந்தால் "அசலில் இல்லை" என்று சொல்லிச் சிவப்பால் வட்டம் போடுவார். நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று யாரும் பார்ப்பதில்லை. அசலில் இல்லையென்றால் இல்லை.

எனக்குப் படிப்பவர் ரேடியோ அக்கா. குரலுக்காக வந்த பெயர். பேதி மருந்தைக்கூடத் தலைப்புச் செய்தி போலப் படிப்பார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மச்சினி எழுதியது வந்தது. நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அக்கா போனை வாங்கிக்கொண்டார்.

"படிக்கட்டுமா, தம்பி?"

தலையசைத்தேன். டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"இது வெறும் நாய் அல்ல, கமா, ஒரு காதலின் கடைசி நினைவு, முற்றுப்புள்ளி." நிமிர்ந்து பார்த்தார். "உன் மச்சினி கடையில போனா விக்கிறா, வாழ்த்து அட்டையா?"

"மேல படிங்கக்கா."

படித்தார். எங்கள் கல்யாணம், அவளுடைய சிரிப்பு, என் கண்ணீர் எல்லாம் இருந்தன. நான் எங்கும் அழுததில்லை. அதைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். அக்கா கடைசிக்கு வந்தார்.

"உயிர் பிரியும் நேரத்தில் அவள் கணவனின் கையைப் பிடித்து, கமா, என் பிள்ளையை அநாதையாக விட்டுவிடாதே என்று கடைசியாகச் சொன்னாள், மூன்று புள்ளி."

"அசல்ல இல்ல" என்றேன்.

நான் யோசித்துச் சொன்னதல்ல. வாய் பழகிவிட்டது. பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா போனைக் கீழே வைத்தார்.

"அப்ப அசல்ல என்னதான் இருக்கு?"

நான் சாப்பிட ஆரம்பித்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஒரு நாள் காலை வேலைக்குப் போன என் மனைவி அலுவலக மாடிப்படியில் விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை. யாரோடும் பேசவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. ஒன்றும் சொல்லவில்லை என்றேன். உச்சுக் கொட்டினார்கள். உண்மையில் அன்று கிளம்பும்போது ஒன்று சொல்லியிருந்தாள். அந்த இடத்தில் அதைச் சொன்னால் யாராவது சிரித்திருப்பார்கள். அவளுடைய புடவைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். புத்தகங்களை எடுத்துக்கொண்டார்கள். இதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மேனேஜர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது. தலை தொங்கும், திடுக்கென்று நிமிரும், மறுபடி தொங்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது. கிண்ணத்தில் காலையில் போட்டது அப்படியே இருந்தது. நான் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது நகர்ந்து என் தோளில் சாய்ந்தது. பாசம் என்று சொல்ல மாட்டேன். சாய்வதற்கு அதற்கு ஏதாவது தேவைப்பட்டது. சுவர் கொஞ்சம் தள்ளி இருந்தது.

அப்படியே உட்கார்ந்து போனில் எழுதினேன். பிறகு மச்சினியை வரச் சொன்னேன்.

வந்தவள் மேனேஜரைப் பார்த்ததும் பை தோளில் இருக்கும்போதே எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எழுதினத போட்டுட்டீங்களா?"

"இல்ல. அவ அப்படிச் சொல்லல."

"எனக்குத் தெரியும், மாமா." நாயின் காதைத் தடவினாள். "நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தப்ப கண்ணே தொறக்கல. அக்கா, அக்கான்னு எத்தன தடவை கூப்பிட்டேன். ஏதாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? அதான் நானே எழுதிட்டேன்."

போனை அவளிடம் கொடுத்தேன்.

"நான் எழுதியிருக்கேன். சத்தமாப் படி."

"எதுக்குச் சத்தமா?"

"எங்க ஆபீஸ் வழக்கம். ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் பாக்கணும்."

"போன் என்கிட்ட இருக்கு. நீங்க எதப் பாப்பீங்க?"

"படி."

படித்தாள்.

"இந்த நாயின் பெயர் மேனேஜர். வயது ஒன்பது. ஸ்கூட்டர் தட்டியதில் உள்ளே கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், உறுதி இல்லை என்று டாக்டர் சொல்கிறார். என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. இதைவிட அவசரமான மனிதர்கள் இதே பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால் இதற்குக் கொடுங்கள்."

நிறுத்தினாள். "விளங்கிடும். கடைக்கு வந்தவனப் பக்கத்துக் கடைக்கு அனுப்புறீங்க."

"படி."

"படத்தில் இருப்பது என் மனைவி. நாய் அவளுடையது. அவள் இறந்துவிட்டாள். மேனேஜர் தினமும் காலையில் சாப்பிட்டு முடித்து இரண்டாவது தடவையும் கேட்கும். இப்போது கேட்பதில்லை. மறுபடியும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். என் மனைவி இதைப் பற்றித்தான் கடைசியாகப் பேசினாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வேலைக்குக் கிளம்பியவள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். நான் சரி என்றேன்."

அடுத்த வரியை அவள் சத்தமில்லாமல் படித்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. மேனேஜர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

"நிஜமாவே இதான் சொன்னாளா?"

"ஆமா."

"இத்தன நாளா எங்க யாருக்கும் சொல்லல நீங்க."

"இப்ப எல்லாருக்கும் சொல்லப் போறேன். நீ மொதல்ல படி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனை இரண்டு கையாலும் பிடித்தாள். கமா, முற்றுப்புள்ளி எதுவும் சொல்லாமல், அவள் அக்கா பேசுகிற வேகத்திலேயே படித்தாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். கூடுதலாக ஒரு சொல் இல்லை. குறையவும் இல்லை.

"ஏய், மேனேஜருக்குப் போட்டாச்சு. இன்னும் சாப்பிடலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்து நிப்பாரு. நம்பிடாத."