மூட்டையின் காவல்

நாய் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்குள் வந்து நின்றதும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த இடம் காணாமல் போனது. ஐம்பத்தெட்டு கிலோ, உடம்பெல்லாம் வெள்ளை முடி, தலை மட்டும் ஒரு குடம் அளவு. "யாரு இந்த மூட்டைய இங்க இறக்குனது?" என்று கேட்டார் அப்பா. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்றது அவருக்கு மறந்துவிட்டது. போக வேண்டிய தெருக்கள் மறக்கவில்லை. பத்து மணியானால் காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் மகள் சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகளைத் தேய்க்கிற நீராவி உருளையில் கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பாள். வெளியூரிலிருந்த அவள் தம்பி போனில் அறிவுரை மட்டும் தாராளமாக அனுப்பினான். ஒருநாள் அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனாள். கதவில் முட்டி முட்டி நெற்றியைப் புண்ணாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் பூட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் நாய்.

ஆட்டுப்பண்ணைக்காரர் கொண்டுவந்து விட்டபோதே விளக்கமாகத்தான் சொன்னார். "இது ஆட்ட மடக்கி ஓட்டுற நாய் இல்லம்மா. காவலுக்கு உள்ளது. ஆடு எங்க போகுதோ இதுவும் கூடவே போகும். பக்கத்துல யாரையும் அண்ட விடாது. அவ்வளவுதான் இதுக்குத் தெரியும்."

"அது போதும்ண்ணா" என்றாள். பாதிதான் அவள் காதில் ஏறியிருந்தது.

முதல் வாரம் மூட்டை பகலெல்லாம் தூங்கியது. கூப்பிட்டால் ஒரு கண்ணைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டது. பந்தைப் போட்டால், போட்டவளே போய் எடுத்துக்கொள்ளட்டும் என்று பார்த்தது. "இது எனக்குக் காவலா, நான் இதுக்கு வேலைக்காரியா?" என்று அலுத்துக்கொண்டாள். போகப் போகத்தான் புரிந்தது, அதற்கு அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஆள். அப்பா இருமினால் எழுந்தது. அவர் குளியலறைக்குப் போனால் வாசலில் நின்றது. அவரும் தினம் அதன் முன்னால் பையைத் திறந்து பார்த்து, "உனக்கு ஒண்ணும் வரலப்பா, நாளைக்குப் பாப்போம்" என்பார்.

ஒரு சாயங்காலம் மூவரும் நடந்துபோகையில் தெருப் பையன்கள் இரண்டு பேர் வழக்கம்போல அவர் பையைப் பிடித்து இழுத்தார்கள். மூட்டை குறுக்கே போய் நின்று அடித்தொண்டையில் உறுமியது. பையன்கள் போன திசை தெரியவில்லை. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அப்பாவுக்கு வாங்கிய பன்னில் பாதியைப் பிய்த்து அதற்குக் கொடுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். கெட்டிக்காரி ஆயிற்றே, விடுவாளா? எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அப்பா கையைத் தொடச் சொன்னாள். மூட்டை உறுமியது, பன். மறுநாளும் உறுமியது, மறுநாளும் பன்.

"யாருமே கிட்டப் போக முடியாது போலிருக்கே. இது நல்லதுக்கா?" என்றாள் அக்கா.

"நல்லதுதான்க்கா."

பழக்கிவிட்ட பெருமை வேறு. வாசலை அடைத்துக்கொண்டு அது படுத்துக்கிடப்பதைப் பார்த்து, இனி அப்பா வெளியே போகமாட்டார் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். வருஷக்கணக்கில் இல்லாத நிம்மதியோடு ஒரு மாதம் வேலைக்குப் போய்வந்தாள்.

சலவைக்கூடத்தில் வேலை நேரத்தில் போன்களைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது தெரியாத எண்களிலிருந்து பத்தொன்பது அழைப்புகள். மூட்டையின் கழுத்துப்பட்டையில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி அவளுடைய எண்ணைத்தான் பெரிதாக எழுதியிருந்தாள்.

ஒரு எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டு இடத்தைக் கேட்டுக்கொண்டு ஓடினாள். பழைய தபால்பெட்டி முக்கில் கூட்டம். ஆம்புலன்ஸ் கதவு திறந்தே கிடந்தது. நடைபாதையில் அப்பா மல்லாந்து கிடந்தார். அவர்மேல் நான்கு காலையும் அகட்டி மூட்டை நின்றது. முன்னால் யாரோ எறிந்த பிஸ்கட்டுகள் தொடப்படாமல் கிடந்தன. ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் கையில் கட்டுப் போட்டிருந்தார்.

அவளைக் கண்டதும் மூட்டை வாலை ஆட்டியது. ஒப்படைத்துவிட்டது போல விலகி வழிவிட்டது.

ஆம்புலன்ஸ் பெண் மண்டியிட்டுக் கழுத்தைத் தொட்டாள், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவசரப்படவில்லை.

"நாங்க வந்தப்ப மூச்சு இருந்துச்சும்மா" என்றாள். "நாப்பது நிமிஷம் நின்னோம். கிட்டப் போக முடியல. நாய் பிடிக்கிறவங்களுக்குச் சொல்லியிருக்கோம், இன்னும் வந்து சேரல."

அவளுக்கு நாயின்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அப்பாவின் தோளில் பை அப்படியே இருந்தது. அதைக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை.

மூட்டை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கைப்பையில் மூக்கை வைத்துக் காத்திருந்தது. காலையில் வாங்கிய பன் உள்ளே இருந்தது. சொல்லிக்கொடுத்ததை ஒரு குறையுமில்லாமல் செய்திருந்தது அது. நாய் பிடிக்கிற வண்டி தெருமுனையில் திரும்புவதற்குள், பாதியாகப் பிய்க்காமல், முழுசாகவே எடுத்துக் கொடுத்தாள்.