மதிய மாத்திரை

"ஆறு புள்ளி ஒண்ணு," என்றார் டாக்டர், ஸ்கேன் திரையைப் பார்த்தபடி. "கருப்பை உட்சவ்வு ஏழு மில்லிமீட்டராவது இருந்தா நல்லது. மெல்லிசா இருந்தா கரு ஒட்டுற வாய்ப்பு குறையும். இன்னும் பத்து நாள் பார்ப்போம். வளரலன்னா இந்த மாசம் கருவை வைக்க வேணாம்."

புனிதாவுக்கு முப்பத்தொன்பது வயது. உறைய வைத்த கருக்களில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அதற்காகத்தான் கிள்ளானிலிருந்து ரயிலேறி இந்தப் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தாள்.

வெளியே, நர்ஸ் பரீதா அவளுடைய உட்சவ்வு வளர்வதற்கான மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு நாளைக்கு மூணு போடணும். இவ்வளோ மிச்சம் இருக்கே?"

புனிதா குரலைத் தாழ்த்தினாள். "தைப்பூச விரதம் மிசி. விடியறதுக்கு முன்ன ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நடுவுல பச்சத்தண்ணிகூடக் கிடையாது. இந்தப் பிள்ளைக்காகத்தானே வேண்டிக்கிட்டேன்."

"டாக்டர்கிட்ட சொல்லலியா?"

"சிரிப்பாருலா."

கேலிக்குப் பயந்துதான் மனிதர்கள் பல உண்மைகளை மறைக்கிறார்கள். பரீதா கேலி செய்யவில்லை.

"நாங்களும் நோன்பு வைக்கிறவங்கதான்கா. உடம்புக்கு முடியாதவங்களுக்கு எங்ககிட்ட விலக்கு இருக்கு. உங்க முருகன் மட்டும் அவ்வளோ கெடுபிடியா?"

புனிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மதியமே கந்தசாமி கோயிலுக்குப் போய் நின்றாள். 'அப்பனே, சாப்பாட்டை விடுறேன். மாத்திரையை விடமாட்டேன். கோபம்னா என்கிட்ட காட்டு, பிள்ளைகிட்ட காட்டாதே.' சொல்லிவிட்டுக் குழாயடியில் தண்ணீர் பிடித்து மாத்திரையை விழுங்கினாள்.

மறுநாளிலிருந்து மதியம் ஒரு மணிக்குப் பரீதாவின் குறுஞ்செய்தி வந்தது. 'போட்டாச்சாக்கா?' லீவு நாளிலும் வந்தது.

"நான்கூட உன்னை இப்படி விரட்டினதில்ல," என்றான் கணவன் விமலன்.

பத்தாம் நாள் திரையில் ஏழு புள்ளி நான்கு.

டாக்டர் பேசுமுன் புனிதாவே சொன்னாள். "விரதத்துல மத்தியான மாத்திரையை விட்டுட்டேன் டாக்டர். இப்போ ஒழுங்கா போடுறேன்."

"முதல்லயே சொல்லியிருந்தா வேற வழி பார்த்திருப்பேனே," என்றார் அவர். "அடுத்த வாரம் கருவை வைக்கலாம். ஆனா ஏழு மில்லிமீட்டரைத் தாண்டினா கண்டிப்பா ஒட்டிடும்னு அர்த்தமில்ல. அது தெரியும்ல?"

"தெரியும் டாக்டர். தேதியைச் சொல்லுங்க, வந்துடுறேன்."