பல் வண்டி

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணிக்கு, பேருந்து நிலையத்தின் பின்புறமுள்ள டிங்கர் பட்டறையில், ஏணியில் நின்று வேன் ஒன்றின் கூரைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தார். வயது நாற்பத்தாறு.

டிங்கர் முதலில் கவனிக்கவில்லை. ஒரு கதவின் நெளிவைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது பெயிண்டரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமானைப் போல. பெயிண்டர் டிங்கருடைய மனைவியின் அண்ணன். பட்டறை இருவருக்கும் பொது.

"வாயுவா மச்சான்?"

பெயிண்டர் இல்லையென்று தலையசைத்தார்.

ஆம்புலன்ஸுக்கு அடித்தால் முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். பட்டறையில் பதினோரு வண்டிகள் நின்றன. ஒன்றுக்குச் சக்கரமில்லை, ஒன்றுக்கு எஞ்சின் இல்லை, ஒன்று கதவுகளைப் பறிகொடுத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றது. ஓடக்கூடியது பல் வண்டி மட்டும்தான்.

ஒரு பற்பசைக் கம்பெனியின் விளம்பரத்துக்காக இருவரும் பழைய வேனொன்றை வெட்டி ஒட்டிச் செய்தது அது. ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப் பல். கீழே பருத்த வேர்கள், வேர்களுக்குள் சக்கரங்கள். நெற்றியில் கறுப்பாக ஒரு சொத்தை. அதுதான் டிரைவர் சாலையைப் பார்க்கும் ஓட்டை. பல்லின் உருவம் கெட்டுவிடக் கூடாதென்று பக்கக் கதவுகளை அடைத்து, பின்னால் மட்டும், பெட்டி ஏற்றுகிற அளவுக்கு ஒரு கதவு வைத்திருந்தார்கள். இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தகடு ஆடும். கம்பெனிக்காரர்கள் ஓட்டும் வேலையையும் இவர்களிடமே விட்டிருந்தார்கள். "மத்தவங்க முதலாளிகிட்டப் பல்லைக் காட்டிப் பிழைக்கிறாங்க, எங்க வீட்டு ஆளுங்க ஊருக்கே காட்டிப் பிழைக்கிறாங்க" என்று டிங்கரின் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

வெறும் பல்லை எத்தனை நாள் பார்ப்பார்கள்? மூன்றே நாளில் கூட்டம் சலித்துவிட்டது. அப்போதுதான் பெயிண்டர் அந்த நாடகத்தைக் கட்டினார். கடைத்தெரு நடுவில் வண்டியை நிறுத்தி, மைக்கில், பல்லே பேசுவதுபோல முனகுவார்: ஐயோ, உயிர் போகுது, ஆஸ்பத்திரிக்குப் போகணும், வழி விடுங்க சாமி. ஜனங்கள் கையை விரித்துக்கொண்டு முன்னால் நின்று, விடமாட்டோம் என்று கத்த வேண்டும். அவர் கெஞ்சக் கெஞ்ச அவர்கள் மறுக்க வேண்டும். கடைசியில் இலவசப் பாக்கெட்டுகளை வீசினால் வழி கிடைக்கும். ஒரே மாதத்தில் கடைத்தெரு முழுவதும் அதில் நடித்துத் தேறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கடைத்தெருவை விட்டால் வேறு வழி கிடையாது.

டிங்கர் பெயிண்டரை உள்ளே இழுத்துப் பாக்கெட் பெட்டிகளின் மேல் கிடத்தினார். பெட்டிகளைத் தாண்டி முன்னால் வந்து வண்டியை எடுத்தார். கடைத்தெருவுக்குள் நுழைந்ததுமே, இன்றைக்குச் சீக்கிரமாகவே வந்துவிட்டானே என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது. ஹாரன் அடித்தார். அடிக்க அடிக்க ஆட்கள் கடைகளிலிருந்து இறங்கி வந்தார்கள். மைக்கை எடுத்தார்.

"உள்ள ஆளு இருக்காரு. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகணும். வழி விடுங்க."

"விடமாட்டோம்" என்றது கூட்டம்.

வாயில் வேறு வார்த்தை வரவில்லை. வழி கேட்பதற்கு உலகத்தில் வேறு என்ன வார்த்தை இருக்கிறது? சத்தியமாக, என் பிள்ளைகள் மேல் ஆணையாக, என்றெல்லாம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரே குரலில் பதில் வந்தது. இறங்கிப்போய்க் காலில் விழலாமென்றால், பின்கதவில் ஆட்கள் சாய்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அழ ஆரம்பித்தது ஸ்பீக்கரில் கேட்டது. பழக்கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பெயிண்டரை விட இவன் நடிப்பு தூக்கல்யா."

பின்னாலிருந்து பெயிண்டர் ஏதோ சொன்னார். டிங்கர் மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்தார்.

"கெஞ்சாத மாப்ளே. கெஞ்சினா நிப்பானுங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "பாக்கெட்டை வீசு."

பாக்கெட்டுகள் அவர் முதுகுக்குக் கீழே இருந்தன. டிங்கர் ஒரு கையால் அவர் தோளைத் தூக்கி, மறு கையால் பெட்டியை உருவினார். ஒரு பெட்டி போதவில்லை. இரண்டாவதை உருவியபோது பெயிண்டரின் தலை இரும்புத் தரையில் இறங்கியது. டிங்கர் சொத்தை வழியாகக் கையை நீட்டி இடது பக்கமாக வீசினார். கூட்டம் இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் வண்டி போகும் அளவுக்கு வழி திறந்தது. நின்றது ஒன்பது நிமிடம்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வண்டியின் பின்கதவுக்குள் நுழையவில்லை. பெயிண்டரைக் காலைப் பிடித்து வெளியே எடுத்தார்கள். நான்கு ஐம்பதுக்கு உயிர் போனதாக எழுதினார்கள்.

டிங்கரின் மனைவி ஆட்டோவில் வந்தாள். உள்ளே போய் அண்ணனைப் பார்த்துவிட்டு, வெளியே பெஞ்சில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க லேட்டாச்சு?"

"கடைத்தெருவுல."

"சொன்னீங்களா, அண்ணனுக்கு முடியலைன்னு?"

"சொன்னேன்."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

காவலாளி வந்து, வாசலை மறித்துக்கொண்டு நிற்பது உங்கள் வண்டியா என்றார். ஆம்புலன்ஸ் வருகிறதாம், எடுக்க வேண்டுமாம். டிங்கர் எழுந்து போனார். வண்டியைப் பின்னோக்கி எடுத்து மதிலை ஒட்டி நிறுத்தினார். ஆம்புலன்ஸ் உள்ளே போனது.