கை தொட்ட பங்கு

அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் உதவித்தொகை கிடைத்த நான்கு பெயர்கள் ஒட்டியிருந்தன. மூன்றாவது பெயர் குணேஸ்வரி. என் பெயர் இல்லை. மேலிருந்து கீழாக ஒருதரம் வாசித்தேன், கீழிருந்து மேலாக இன்னொரு தரம் வாசித்தேன். எப்படி வாசித்தாலும் புஸ்பராணி என்று ஒருத்தி அதில் இல்லைதான். பின்னால் துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஒன்று ஊதியது. அந்த நேரத்தில் அது ஊதியதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதை நிறுத்த இளைஞர்கள் ஏதாவது செய்வதென்றால் சிறு உதவித்தொகை தருவதாக ஒரு நிறுவனம் அறிவித்திருந்தது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எனக்கு அது பெரிய காரியமில்லை. உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு உத்தியோகத்துக்குக் காத்திருந்த இரண்டு வருடமும் நான் ஆங்கில ரியூசன் கொடுத்துத்தான் காலத்தை ஓட்டினேன். வீதி நாடகம், சுவரொட்டி, விழிப்புணர்வு ஊர்வலம் என்று எட்டுப் பக்கம் எழுதினேன். மூன்று கிழமை எடுத்தது. கடைசி நாளுக்கு முதல்நாள் குணேஸ்வரி நிலாவெளியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். எங்கள் இளைஞர் கழகக் கூட்டங்களில் பின்வரிசையில் இருப்பவள், சாதாரணதரத்தோடு நின்றவள். கொப்பியில் கிழித்த இரண்டு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு வந்து, "புஸ்பாக்கா, இதை இங்கிலீசில மாத்தித் தருவீங்களோ?" என்றாள். அரை மணித்தியாலத்தில் மாற்றிக் கொடுத்தேன். தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த அரை மணித்தியால ஆங்கிலம் என்னுடைய மூன்று கிழமை ஆங்கிலத்தை வென்றுவிட்டது. வயிறு எரிந்தது. இதை மறைத்துச் சொல்ல எனக்கு வேறு சொல் தெரியவில்லை. குணேஸ்வரி என்னைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் உங்கட இங்கிலீசாலதான் அக்கா" என்றாள். அது உண்மையாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

அவள் எழுதியது அவளுடைய கரையைப் பற்றி. அவளுடைய தகப்பன் ஆனந்தராசா கரைவலை இழுப்பவர். சண்டை நின்றிருந்த வருடம்தான் அது, ஆனாலும் விடிந்து நேவிக்காரன் கையைக் காட்டும்வரை வள்ளம் இறக்க முடியாது. வலை கரைக்கு வர எட்டு, எட்டரை ஆகிவிடும். பள்ளிக்கூட மணியோ ஏழரைக்கு. கயிறு பிடித்தவருக்குக் கறிக்கு மீன் உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கம். அதில் வயது பார்ப்பதில்லை. ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரை பதினொரு பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கயிற்றுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளையை அனுப்பாதே என்று தாயிடம் சொன்னால், அந்த வீட்டில் அன்றைக்குக் கறி இல்லை. என்னுடைய ஊர்வலத்தில் இதற்குப் பதில் இருக்கவில்லை.

குணேஸ்வரி தாய்மாரிடம் போகாமல் வலை இழுக்கிறவர்களிடம் போனாள். வலை வருகிற நேரம் பிள்ளைகள் கரையோரத்தில் ஒரு கொட்டிலுக்குள் இருந்து படிக்கட்டும், அவர்களுடைய மீனை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். பணம் வந்து கொட்டிலும் போட்ட பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது.

"கயிறு தொடாத கைக்கு மீன் குடுக்கிறேல்ல பிள்ளை. குடுத்தா நாளைக்கு வெறும் வலைதான் வரும்" என்று, முதலில் தலையாட்டியிருந்த வலைக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். ஆனந்தராசாதான் வழி கண்டுபிடித்தார். மீன் அடைந்த வலையின் மடி கரையேறும் நேரம் பிள்ளைகள் ஓடிவந்து ஒருதரம் கயிற்றில் கை வைக்கட்டும். இழுக்கத் தேவையில்லை, தொட்டால் போதும். தொட்ட கைக்குப் பங்கு உண்டு.

இதைக் காட்டவென்றே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஓலைக் கொட்டில், கீழே சாக்கு விரிப்பு, அவித்த கடலை ஒரு சட்டி. தாஹிர் என்று ஒரு பெடியன், இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவன், விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு ஒரு பக்கம் முழுக்க வாசித்தான். வாசித்து முடித்து என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். "குணேஸ் ரீச்சர், சரியோ?" நான் இரண்டு வருடமாக ரியூசன் கொடுக்கிறேன். ஒரு பிள்ளையும் என்னை அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை. மடி கரையை நெருங்கியதும் பதினொரு பேரும் எழும்பி ஓடினார்கள். ஈரக் கயிற்றில் வரிசையாகக் கை வைத்தார்கள், எடுத்தார்கள், சிரித்தார்கள், பையை விரித்தார்கள். இவ்வளவு லேசான, இவ்வளவு நல்ல யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். என்னைத் திட்டி அலுத்ததும் அவளைத் திட்டினேன்.

தை மாதம் பதினொரு பேரையும் அவரவர் வகுப்பில் சேர்த்துக்கொள்ள அதிபர் சம்மதித்திருந்தார். பிறகு பள்ளிக்கூடம் போகும் வழியில் கயிற்றைத் தொட்டுவிட்டுப் போனாலும் பங்கு உண்டு என்று வலைக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். தை வரை கொட்டில் நடக்க வேண்டும். கொட்டில் நடக்க உதவியின் இரண்டாம் பகுதி வர வேண்டும். அதற்குக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்து பார்க்க வேண்டும். அந்த மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள். ஓம் என்றேன்.

ஆடி மாதத்தில் அவ வந்தா. நிலாவெளி வீதி சென்றியில் ஆமிக்காரர் எங்கள் வான் வண்டியை மறித்து, எல்லோரையும் இறக்கி, பைகளைக் கிண்டி, முக்கால் மணித்தியாலம் வெய்யிலில் நிற்க வைத்தார்கள். நாங்கள் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. மிஸ்ஸின் கண்ணில் முதலில் பட்டது பதினொரு பிள்ளைகளும் கயிற்றில் கை வைத்து நின்றதுதான். பக்கத்தில் மீனுக்கு விரித்த பைகள். நீலச் சேலை உடுத்து, தலையில் பூவும் வைத்து நின்ற குணேஸ்வரி எங்களைக் கண்டதும் கையை ஆட்டினாள். பிள்ளைகளும் ஆட்டினார்கள்.

மிஸ் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டா. இந்தப் பிள்ளைகள் இந்தக் கயிற்றைப் பிடிப்பது தினமுமா?

ஒரு வசனம் போதும். இது இழுப்பதில்லை மிஸ், தொடுவது மட்டும்தான், இந்தக் கரை வழக்கம். அதற்கு வேண்டிய ஆங்கிலம் எல்லாம் என்னிடம் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. அப்போது தாஹிர் ஓடிவந்து குணேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுடைய திட்டம் நின்றால் அடுத்த உதவி என்னுடையதாக இருக்கலாம் என்று ஒரு நினைப்பு எழுந்தது. நான் அதை விரட்டவில்லை.

"ஓம், தினமும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதற்கு மீன் கொடுக்கிறார்களா? கொடுக்கிறார்கள். வேறெதுவும் அவ கேட்கவில்லை. கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தா, கடலைச் சட்டியைப் பார்த்தா, கொப்பியில் ஏதோ எழுதினா.

"என்னவாம் அக்கா கேக்கிறா?" என்று குணேஸ்வரி என் தோளோடு வந்து நின்றாள்.

"பிள்ளையள் ஒவ்வொருநாளும் வாறவையோ எண்டு கேட்டவ. ஓம் எண்டனான்."

"ஐயோ, பெரிய உதவி அக்கா." அவளுடைய கை வியர்த்திருந்தது. அந்தக் கையால் என் கையைப் பிடித்து அழுத்தினாள். திரும்பி வரும்போது வானுக்குள் இருந்தபடி, நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொய் இல்லை.

அதற்கு மூன்றாம் கிழமை, பகல் பதினொரு மணிக்கு, குணேஸ்வரி எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். ஒரு கையில் உடைத்த கடித உறை, மற்றக் கையில் பொலித்தீன் பையில் மீன். "பிள்ளையள் தங்கட பங்கில எடுத்துத் தந்தவை, அக்காவுக்கு எண்டு. இந்தாங்கோ, கடிதமும் வந்திட்டுது. பஸ்ஸில வரேக்க பொறுக்கேலாமல் உறையை உடைச்சிட்டன்" என்றாள். பையைக் குசினியில் வைத்துவிட்டு வந்து கதிரை நுனியில் இருந்தாள்.

ஆங்கிலத்தில் இருந்ததை நான் நின்றபடியே வாசித்தேன். சிறுவர் உழைப்பை ஒழிப்பதற்கென்று தந்த உதவி நடக்கும் இடத்திலேயே சிறுவர்கள் கூலிக்கு வலை இழுப்பதை எமது உத்தியோகத்தர் நேரில் கண்டார். இது அன்றாடம் நடப்பது என்பதை மொழிபெயர்ப்பாளர் செல்வி புஸ்பராணி உறுதிப்படுத்தினார். ஆகவே இரண்டாம் பகுதி நிறுத்தப்படுகிறது. வேறு விளக்கம் ஏதும் இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவும்.

கடைசி வரியை மறுபடி வாசித்தேன். விளக்கம் எழுதலாம். எழுதினால் காசு வரும், தை மாதம் பதினொரு பேரும் பள்ளிக்கூடம் போவார்கள். அவளுக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஒரு கடிதம் ஆங்கிலத்தில் எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான். ஆனால் அது வெறும் தொடுகைதான் என்று எழுதினால், அன்று பக்கத்தில் நின்றவள் ஏன் அதைச் சொல்லவில்லை என்றும் எழுத வேண்டும். அதைக் குணேஸ்வரியிடமும் சொல்ல வேண்டும். இரண்டாவது வசனத்தை மட்டும் விட்டுவிட்டு வாசித்தால் என்ன என்று பார்த்தேன். உத்தியோகத்தர் பிழையாக விளங்கிக்கொண்டா என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள். நான் சொன்னால் எதையும் நம்புவாள்.

"என்னக்கா, ரெண்டாம் பகுதி வருதாமோ?"

"பொறு, வாசிக்கிறன்" என்றேன்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. எழும்பி வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் ஆங்கில எழுத்துப் படிக்கத் தொடங்கியிருந்தாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வரிவரியாக விரல் இறங்கியது. ஓரிடத்தில் நின்றது.

"பீ... யூ... எஸ்..." என்று மெல்லக் கூட்டினாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. "இது உங்கட பேரெல்லோ! பாத்தீங்களே, உங்களையும் மறக்காமல் போட்டிருக்கினம். இந்த வரியை முதல்ல வாசிங்கோ அக்கா. என்ன சொல்லியிருக்கினம் எண்டு நான் பிள்ளையளிட்டச் சொல்லவேணும்."

அவளுடைய நகத்தோரம் சின்ன மீன்செதில் ஒன்று ஒட்டியிருந்தது. விரலை என் பெயருக்குக் கீழே வைத்தபடி, எடுக்காமல், அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.